குண்டம் இறங்க மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. லாரி டிரைவர். சங்ககிரியிலிருந்து ராஜஸ்தான், பஞ்சாப் என்று வடக்கு லைன் ஓட்டியவர். ராத்திரி ஓட்டத்தில் உடம்பு வலி தெரியாது என்று வழியில் டோடா தூள் (அபின் செடியின் காய்ந்த காய்த் தோட்டை அரைத்த தூள்) கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். பிறகு அபின், அதன்பின் ஹெராயின் பொடி, கடைசி ஆறு மாதம் ஊசி. இரண்டு முறை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். இரண்டு முறையும் வெளியே வந்து ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. மூன்று வருடமாக அரசு மருத்துவமனையில் புப்ரினார்ஃபின் மாத்திரை வாங்கி நாக்கடியில் வைத்துக்கொள்கிறார். அதன்பின் பொடியைத் தொடவில்லை. இப்போது உள்ளூர் ஓட்டம்தான். சம்பளத்தை என் கையில் கொடுக்கிறார்.

வருகிற பங்குனியில் அவர் பண்ணாரி அம்மன் கோயிலில் குண்டம் இறங்குவதாக, அதாவது தீ மிதிப்பதாக, என் மாமியார் வேண்டியிருக்கிறார். "திருவிழாவுக்குப் பூச்சாட்டுவதற்குள் அந்தப் போதை மாத்திரையை நிறுத்திவிடு, அதைப் போட்டுக்கொண்டு அம்மன் வாசலில் நிற்காதே" என்கிறார். இவரும் சரி என்று தலையாட்டுகிறார். வெளிநாடுகளில் மெத்தடோன் என்ற மருந்தை முப்பது, நாற்பது வருடமாகக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று என் தம்பி சொன்னான். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அவர்கள் எல்லாம் கடைசியில் என்ன ஆனார்கள்? இவரும் ஆயுள் முழுக்க இப்படித்தானா? எப்போதுதான் நிறுத்துவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சங்ககிரி

பதில்: அம்மணி, உங்கள் வயதில் எனக்கு மகள் இருக்கிறாள், அந்த உரிமையில் முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். பூச்சாட்டுக்கு முன்பு மாத்திரையை நிறுத்த வேண்டாம். குண்டம் முடிந்த பிறகும் யாருடைய வற்புறுத்தலுக்காகவும் நிறுத்த வேண்டாம். பத்திரிகையில் இந்தப் பதில் வருவதற்குள் அவர் தாமாகவே குறைக்கத் தொடங்கியிருந்தால், நாளைக் காலையிலேயே மருந்து வாங்கும் மருத்துவமனைக்குப் போய் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். இடையில் பொடியை எடுத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். பொடி உடம்பில் இருக்கும்போது இந்த மாத்திரையை வைத்தால், அது பொடியைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு மணி நேரத்துக்குள் கடுமையான உடம்பு முறுக்கலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்துவிடும். எப்போது, எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

இனி நிதானமாகப் பேசலாம். நாற்பது வருடம் மெத்தடோன் குடித்தவர்கள் என்ன ஆனார்கள் என்பது நல்ல கேள்வி. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தச் சிகிச்சையைக் கொடுத்துவருகிறேன். இதைக் கேட்கும் குடும்பங்கள் குறைவு. "எப்போது நிறுத்துவது" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கான விடை தெரிந்தால், அந்தக் கேள்வியின் வேகம் தானாகவே தணியும்.

மெத்தடோன் 1930-களின் இறுதியில் ஜெர்மனியில் வலி மருந்தாக உருவானது. அதைப் போதை அடிமைத்தனத்துக்கு மருந்தாக்கியவர்கள் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் 1964-இல் வேலையைத் தொடங்கிய வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள். டோல் உடலின் வளர்சிதை மாற்றத்தை ஆராய்ந்தவர். நைஸ்வாண்டர் மனநல மருத்துவர். ஹெராயினுக்கு அடிமையான இருவரை முதலில் வார்டில் வைத்து மார்ஃபின் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த இருவரும் நாள் முழுக்க ஆஸ்பத்திரி உடையிலேயே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து, அடுத்த ஊசி எப்போது என்பதைத் தவிர வேறு நினைப்பில்லாமல் கிடந்தார்கள். அவர்களையே மெத்தடோனுக்கு மாற்றினார்கள். சில வாரங்களில் ஒருவர் ஓவியம் வரையத் தொடங்கினார். இன்னொருவர் விட்ட பள்ளிப் படிப்பை முடிக்க வேண்டும் என்று கேட்டார். 1965-இல் 22 நோயாளிகளைப் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரைதான் இன்று உலகமெங்கும் நடக்கும் இந்தச் சிகிச்சைக்கு வித்து.

அந்த வார்டில் நடந்த மாற்றத்தை நீங்கள் உங்கள் வீட்டில் பார்த்திருக்கிறீர்கள். பொடி எடுத்த காலத்தில் உங்கள் கணவருக்கு ஒரு நாளென்பது நான்கு மணிக்கொரு முறை ஏறி இறங்குவதாக இருந்திருக்கும். ஏறும்போது மயக்கம், இறங்கும்போது கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் நீர், கை கால் உளைச்சல், அடுத்த பொட்டலத்துக்குப் பணம் தேடும் ஓட்டம். மெத்தடோனும் புப்ரினார்ஃபினும் அபின் குடும்பத்து மருந்துகள்தான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மெதுவாக ஏறி, ஒரு நாளுக்கு மேல் ஒரே சீராக நிற்பவை. அளவு சரியாக அமைந்துவிட்டால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "போதை மாத்திரை" என்று உங்கள் அத்தை சொல்வதற்கு இதுதான் பதில். போதையில் இருக்கிறவர் மாதச் சம்பளத்தை உங்கள் கையில் கொண்டுவந்து கொடுக்க மாட்டார். மாத்திரை ஒரு நாள் தவறினால் உடம்பு கேட்கும் என்பது உண்மை. அதற்குப் பெயர் மருந்துச் சார்பு. அடிமைத்தனம் என்பது வேலை, குடும்பம், உயிர் எல்லாம் போனாலும் பொருளைத் தேடி ஓடுவது. உங்கள் வீட்டில் அந்த ஓட்டம் நின்று மூன்று வருடமாகிறது.

சரி, பல்லாண்டுக் கணக்கு என்ன சொல்கிறது? 2017-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வெளியானது. பல நாடுகளில், ஓராண்டு முதல் ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து பார்க்கப்பட்ட 1,22,885 மெத்தடோன் நோயாளிகளின் கணக்கு அதில் இருக்கிறது. சிகிச்சையில் இருந்த காலத்தில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஏறத்தாழ 11 பேர் இறந்தார்கள். சிகிச்சையை விட்டு வெளியே இருந்த காலத்தில் அதுவே 36. அளவு மீறிய போதையால் மட்டும் இறந்தவர்களைப் பார்த்தால், உள்ளே ஆயிரத்துக்கு மூன்றுக்கும் குறைவு, வெளியே 13-க்கு அருகில். புப்ரினார்ஃபின் எடுத்தவர்களிடமும் கணக்கு இதே திசையில்தான் இருந்தது.

இந்த எண்களுக்குள் ஒரு வாசல் இருக்கிறது. அதன் முன்னால்தான் உங்கள் கணவர் இப்போது நிற்கிறார். வெளியே இருந்த காலம் முழுவதும் ஆபத்து ஒரே அளவில் இல்லை. சிகிச்சையை நிறுத்திய முதல் நான்கு வாரங்களில்தான் சாவு குவிந்திருந்தது. காரணம் எளிது. விசைத்தறி ஓடுகிற வீட்டில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்தச் சத்தம் காதில் விழுவதே இல்லை. தறிக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுத் தூங்குவார். ஆறு மாதம் வெளியூரில் இருந்துவிட்டு வந்தால் முதல் ராத்திரி தலை பிளக்கும். காது அதேதான், சத்தமும் அதேதான், பழக்கம் போய்விட்டது. உடம்பும் அப்படித்தான். மாத்திரையில் இருக்கும்வரை அபின் வகை மருந்தைத் தாங்கும் திறன் உடம்பில் இருக்கிறது. நிறுத்திச் சில வாரங்களில் அந்தத் தாங்குதிறன் இறங்கிவிடும். மனதுக்குள் இருக்கும் ஏக்கம் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. ஒரு நாள், ஒரு சண்டைக்குப் பிறகு, பழைய கூட்டாளி ஒருவர் நீட்டுகிற பழைய அளவைப் பழைய நினைப்பில் எடுத்தால் மூச்சு நின்றுவிடும். உங்கள் கணவர் மறுவாழ்வு மையத்திலிருந்து வந்து ஒரு மாதத்துக்குள் இரண்டு முறை திரும்பப் போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு முறையும் அவர் பிழைத்தது நல்லகாலம் என்றுதான் ஒரு மருத்துவனாக என்னால் சொல்ல முடியும்.

எனக்கு இது ஏட்டுப் படிப்பு மட்டும் இல்லை. பல வருடங்களுக்கு முன் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்த ஒரு பையன் என்னிடம் சிகிச்சையில் இருந்தான். ஒன்றரை வருடம் ஒழுங்காக வந்தான். கல்யாணம் பேசினார்கள். பெண் வீட்டாருக்குத் தெரிவதற்குள் மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று அவனுடைய அப்பா என் முன்னால் கும்பிட்டுக் கேட்டார். மாட்டேன் என்று சொல்லத் துணிவில்லாமல் ஆறு வாரத்தில் குறைத்துக் கொடுத்தேன். பத்திரிகை வைக்க அவனே வந்தான். முகம் தெளிவாக இருந்தது. கல்யாணமாகி இருபதாவது நாள் ஒரு லாட்ஜ் அறையில் இறந்துகிடந்தான். அந்தக் கல்யாணப் பத்திரிகை இன்றும் என் மேசை இழுப்பறைக்குள் இருக்கிறது. குடும்பம் நாள் குறித்துக்கொண்டு வந்து கேட்டால் இப்போதெல்லாம் நான் சம்மதிப்பதில்லை.

உங்கள் கணவர் எடுக்கும் மருந்தைப் பற்றியே ஓர் ஆய்வு உண்டு. ஸ்வீடனில் நடந்தது, 2003-இல் வெளியானது. ஹெராயினுக்கு அடிமையான 40 பேர். இருபது பேருக்கு ஆண்டு முழுவதும் தினமும் புப்ரினார்ஃபின். மற்ற இருபது பேருக்கு அதே மாத்திரையை ஆறு நாளில் குறைத்து நிறுத்திவிட்டு, மருந்தில்லாத வெற்று மாத்திரை. இரு தரப்புக்கும் ஆலோசனை, குழுக் கூட்டம், கவனிப்பு எல்லாம் ஒன்றுபோலவே. ஓராண்டு முடிவில் மருந்து பெற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் சிகிச்சையில் இருந்தார்கள். வெற்று மாத்திரை பெற்றவர்களில் ஒருவர்கூட இல்லை. அந்த இருபது பேரில் நான்கு பேர் செத்தே போனார்கள். மன உறுதியும் அறிவுரையும் இருந்தால் போதும் என்று யாராவது உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் இந்த நாற்பது பேரின் கதையைச் சொல்லுங்கள்.

மெத்தடோனிலும் இதே பாடம்தான். அமெரிக்காவில் நியூயார்க், பிலடெல்பியா, பால்டிமோர் நகரங்களின் ஆறு மையங்களைப் பல ஆண்டுகள் கூர்ந்து கவனித்து 1991-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிகிச்சையை விட்டு வெளியேறியவர்களில் ஓராண்டு முடிவதற்குள் ஐந்தில் நான்கு பேர் மறுபடி ஊசிக்குப் போயிருந்தார்கள். சிகிச்சையில் நீடித்தவர்களில் பெரும்பாலோர் ஊசியை விட்டிருந்தார்கள்.

நீடித்தவர்களுக்கு எல்லாம் நன்றாகவே முடிந்தது என்று சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன். மெத்தடோன் லேசான மருந்து இல்லை. தொடங்கும் முதல் சில வாரங்களில் அளவைக் கவனமாக ஏற்றாவிட்டால் அதுவே மூச்சை அடக்கிவிடும். சிலருக்கு இதயத்துடிப்பின் மின்னோட்டத்தைத் தாமதப்படுத்தும். அதனால் ஈசிஜி பார்ப்பார்கள். மலச்சிக்கலும் வியர்வையும் வருடக் கணக்கில் தொடரும். ஆண்களுக்கு ஹார்மோன் குறைந்து தாம்பத்தியத்தில் நாட்டம் குறையலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்க நேர்ந்தால் மெத்தடோனின் அளவு ரத்தத்தில் சரசரவென்று இறங்கிவிடும். எத்தனையோ பேர் முதல் வருடத்துக்குள்ளேயே பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள். தங்கியவர்களிலும் சிலர் மதுவை விடுவதில்லை.

ஆனாலும் அமெரிக்காவின் மெத்தடோன் மையங்களில் இன்று ஐம்பதையும் அறுபதையும் தாண்டியவர்கள் நிறையப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். இந்தக் காட்சியை நான் பெரிதாக நினைக்கிறேன். 1960-களில் கலிபோர்னியாவில் கட்டாய மறுவாழ்வுத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட 581 ஆண்களை 33 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 1997 வாக்கில் அவர்களில் 284 பேர் உயிரோடில்லை. ஏறத்தாழ பாதி. இந்த நோயின் இயல்பான போக்கு அதுதான். அந்தப் போக்கிலிருந்து தப்பி முதுமை வரை வந்தவர்கள் மற்றவர்களைப் போலவே நெஞ்சுவலிக்கும் சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் மருந்து தேடுகிறார்கள். அவர்களைக் கடைசியில் கொண்டுபோவது பெரும்பாலும் பீடி சிகரெட்டால் கெட்ட நுரையீரலும், பழைய ஊசியால் வந்த ஹெபடைடிஸ் சி கெடுத்த கல்லீரலும்தான். மெத்தடோனை ஒழுங்காக எடுத்துவந்ததற்காக அவர்களுக்குக் கல்லீரல் கெடுவதில்லை.

இங்கே உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. கடைசி ஆறு மாதம் ஊசி என்று எழுதியிருக்கிறீர்கள். ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி மூன்றுக்கும் அவருக்குப் பரிசோதனை ஆகியிருக்கிறதா? இல்லையென்றால் இந்த மாதமே செய்துகொள்ளுங்கள், நீங்களும் செய்துகொள்ளுங்கள். 2018 முதல் தேசிய திட்டத்தின் கீழ் ஹெபடைடிஸ் சி-க்குச் சோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். பெரும்பாலோருக்கு மூன்று மாத மாத்திரையில் கிருமி முழுக்கப் போய்விடுகிறது. பூச்சாட்டைக் கணக்கிட்டு நாள் எண்ணுகிற உங்கள் வீடு இதற்கும் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளட்டும்.

மெத்தடோனுக்கு மாறலாமா என்று உங்கள் தம்பி கேட்பார். தேவையில்லை. இந்தியாவில் 2012 முதல் சில மையங்களில் மட்டும் மெத்தடோன் கொடுக்கிறார்கள். அது திரவம். அளந்து ஊற்றிய கோப்பையை ஊழியர் கண்ணெதிரே குடித்து, அதில் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடித்துக் காட்ட வேண்டும். பொதுவாகத் தினமும் போக வேண்டும். ஓட்டத்தில் இருக்கும் டிரைவருக்கு அது ஒத்துவராது. புப்ரினார்ஃபினில் ஒரு பாதுகாப்பும் உண்டு. ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் மூச்சை அடக்கும் வேகம் அதற்கேற்பக் கூடாது. நன்றாக வேலை செய்கிற மருந்தை மாற்ற வேண்டாம். ஒன்று மட்டும்: மாத்திரை முழுக்கக் கரைந்த பிறகு வாயில் தண்ணீர் விட்டுச் சுழற்றி விழுங்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்கலாம். இந்தச் சின்னப் பழக்கம் இல்லாமல் பல் சொத்தையாகிப் போனவர்களை நிறையப் பார்க்கிறேன்.

வண்டி ஓட்டலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஒரே அளவில் மாதக்கணக்கில் நிலையாக இருப்பவர், மதுவோ தூக்க மாத்திரையோ சேர்க்காதவர், ஓட்டலாம். அளவைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. இந்த மருந்தோடு மதுவும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சுக்கே ஆபத்து. மருத்துவமனைச் சீட்டு எப்போதும் ஆர்.சி. புத்தகத்தோடு இருக்கட்டும். போலீஸ் பயமும் உங்கள் வீட்டில் இருக்கும் என்று நினைக்கிறேன். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு, தாமாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைகளுக்கு, உபயோகித்தது, சிறு அளவு வைத்திருந்தது போன்ற குற்றங்களில் வழக்கிலிருந்து விலக்குக் கொடுக்கிறது.

எப்போதுதான் நிறுத்துவது? நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள் அம்மணி. என்னிடமே இருக்கிறார்கள். பவானி பக்கம் ஜமக்காளத் தறியில் வேலை பார்க்கும் ஒருவர் ஒன்பது வருடம் மாத்திரை எடுத்தார். ஐந்தாவது வருடம் அவர் மனைவி கேட்டார்; ஏழாவது வருடம் மகன் கேட்டான்; நான் தலையாட்டவில்லை. எட்டாவது வருடம் அவரே வந்து, "இப்போதெல்லாம் மாத்திரையின் ஞாபகமே சாயங்காலம்தான் வருகிறது டாக்டர்" என்றார். அப்போது தொடங்கினோம். இரண்டு மாதத்துக்கொரு முறை ஒரு துளி குறைப்போம். உறக்கம் கெட்டாலோ, பழைய கனவு வந்தாலோ அங்கேயே நிறுத்திக்கொள்வோம். நடுவில் அவருடைய அம்மா தவறியபோது இறங்கிய படியிலிருந்து ஒரு படி பின்வாங்கி அளவைக் கூட்டினோம். அதை அவர் தோல்வியாக நினைக்காதபடி பார்த்துக்கொண்டேன். ஒன்றே முக்கால் வருடம் ஆனது. இன்றும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார். அதே வயதில் அதே தொழிலில் இன்னொருவர் பதினோரு வருடமாக எடுக்கிறார். நிறுத்தும் எண்ணமே அவருக்கு இல்லை. பழைய விபூதி டப்பாவில் மாத்திரையைப் போட்டு, பேரக்குழந்தைகள் கைக்கு எட்டாமல் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிறார். இரண்டு பேரையும் நான் ஒரே கண்ணில்தான் பார்க்கிறேன். (உங்கள் வீட்டிலும் மாத்திரை பூட்டுக்குள்தான் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு மருந்தாக இருக்கும் ஒரு மாத்திரை சின்னக் குழந்தையின் உயிரை வாங்கிவிடும்.)

உங்கள் கணவருக்கு இந்தக் கேள்வியை நான் போடுவதாக இருந்தால் இப்படிக் கேட்பேன்: பொடி இல்லாமல் மூன்று வருடம் ஆகிவிட்டது, சரி, வடக்கு லைனுக்கு மறுபடி கூப்பிட்டால் போக மாட்டீர்களா? பழைய கூட்டாளிகள் எண் போனில் இன்னும் இருக்கிறதா? கடன் எவ்வளவு மிச்சம்? ராத்திரி தூக்கம் எப்படி? நிறுத்த வேண்டும் என்பது உங்கள் ஆசையா, அம்மாவின் ஆசையா? இந்த ஐந்துக்கும் அவரே தெளிவாகப் பதில் சொல்லும் காலம் வந்தால், மருந்து கொடுக்கும் மருத்துவரோடு உட்கார்ந்து குறைக்கும் பேச்சைத் தொடங்கலாம். அம்மா வேண்டிக்கொண்ட தேதிக்குள் அது நடக்காது.

உங்கள் அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. மகன் ஊசியோடு விழுந்துகிடந்ததைப் பார்த்த தாய், அவன் பிழைத்தால் பூக்குண்டத்தில் நடக்க வைக்கிறேன் என்று வேண்டியிருக்கிறார். மகன் பிழைத்துவிட்டான். வேண்டுதல் நிறைவேறிய பிறகுதான் குண்டம் இறங்குகிறார் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். விரதத்தில் ஒரு பொழுது சாப்பிடும் பக்தர்கள் சர்க்கரை மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் விடுவதில்லை. என்னிடம் வரும் பலர் மாலை போட்டுக்கொண்டு மாத்திரையும் எடுத்துக்கொண்டே ஒவ்வொரு வருடமும் குண்டம் இறங்குகிறார்கள். அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது அத்தையையும் கூட்டிப்போங்கள். மாத்திரையை நாக்கடியில் வைத்து, பத்து நிமிடம் பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரையும் அவர் பார்க்கட்டும். அவர்களில் எத்தனை பேர் தள்ளாடுகிறார்கள் என்று அவரே எண்ணிப் பார்க்கட்டும்.

ஒருவேளை, எவ்வளவு சொல்லியும் கேட்காமல் அவர் நிறுத்திவிட்டார் என்று வையுங்கள். அப்போது சண்டை போட்டு வீட்டை விட்டு அனுப்பிவிடாதீர்கள். தனியாக இருக்கும்போதுதான் சாவு நடக்கிறது. எழுப்பினால் எழாத உறக்கம், இழுத்து இழுத்து வரும் குறட்டை போன்ற மூச்சு, நீலம் பாரித்த உதடு, ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி. இவற்றில் எது தெரிந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிட்டு, ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, என்ன எடுத்தார் என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். நாலோக்சோன் என்ற ஊசி மருந்து நேரத்தில் கிடைத்தால் மூச்சை மீட்டுவிடும். நள்ளிரவில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல உதவிக்கு 14416.

குண்டத்துக்கு வருவோம். அன்று விடியற்காலையில்தான் குண்டம் இறங்குவார்கள். முதல் நாள் இரவிலிருந்தே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அந்தக் கூட்டத்தில் மருந்துக்கு அலைய முடியாது. இந்த மாத்திரை சாதாரண மருந்துக் கடையில் கிடைக்கவும் கிடைக்காது. அதனால் அந்த வாரத்து மருந்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி, இரண்டு நாள் மாத்திரையைச் சீட்டோடு சேர்த்து உங்கள் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான நேரம் வரும்போது வரிசையில் நின்றபடியே அவர் நாக்கடியில் வைத்துக்கொள்ளலாம். தப்பித் தவறிப் பாதம் சுட்டுக்கொண்டால், முதலுதவி முகாமில் வலி ஊசி போடுவதற்கு முன்பே புப்ரினார்ஃபின் எடுக்கிறார் என்று நீங்கள் சொல்லிவிட வேண்டும். சில வலி மருந்துகள் இதோடு ஒத்துப்போகாது. வெறுங்காலில் திரும்பி நடக்க முடியாவிட்டால் என்ன செய்வது என்பதற்காக, ஒரு ஜோடி தளர்வான செருப்பும் அதே பையில் இருக்கட்டும்.